ஸலாம் சொல்லத் தெரியாத கமரா

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்கிறேன். நீ பதில் ஸலாம் சொல். கட்டாரில் உன் அறையில் யாரும் இல்லாவிட்டாலும் வாயைத் திறந்து சொல். சொல்லிவிட்டாயா? சரி, இனி நான் உள்ளே வரலாம். ஒரு வீட்டுக்குள் இப்படித்தான் வர வேண்டும் என்பது உனக்கு மறந்துபோய்விட்டது. அதனால்தான் கடிதத்தின் வாசலிலேயே உன்னை நிறுத்தி இதைச் செய்தேன்.

போன் இருக்க உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். போனை நான்தான் நிறுத்தி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். குரல் பதிவு அனுப்பலாம்தான். ஆனால் நீ அதை எப்படிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். முன்பொரு தடவை லீவில் வந்து நின்றபோது விறாந்தையில் இருந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாய். கோழிக்குஞ்சு கீச்சிடுவது போல ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடினாள். அடுப்படியில் நின்றபடி, "ஆரு மகன் அது?" என்று கேட்டேன். "நீங்கதான் உம்மா. நீங்க இழுத்து இழுத்துக் கதைக்கிறீங்க. அதான் ரெண்டு மடங்கு வேகத்தில போட்டுக் கேக்கிறன்" என்று சிரித்தாய். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. கடதாசியை வேகமாக ஓட்ட உன்னால் முடியாது. என் கையெழுத்து எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் நீயும் வர வேண்டும்.

இன்னொன்று. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. பிரதி எடுத்துப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததை எத்தாளை ஊர் முழுக்கக் கதைத்து முடித்துவிட்டது. பக்கத்து ஊர் பள்ளிவாசல்துறை வரைக்கும் போய்விட்டதாம். நீ என்னை ஊருக்குக் காட்டினாய். என் பக்கத்தையும் ஊர் வாசிக்கட்டும். உன் பெயரையும் என் பெயரையும் போட மாட்டேன். தெரிய வேண்டியவர்களுக்கு எப்படியும் தெரியும்.

நடந்ததை முதலில் பச்சையாக எழுதிவிடுகிறேன். உன் வாப்பா மௌத்தாகி நான் இத்தாவில் இருந்த காலம். வெளியார் வாசிப்பதால் விளக்கிச் சொல்கிறேன்: கணவன் இறந்தால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார்கள். அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பார்கள். அப்படி இருந்த நாட்களில் ஒரு பட்டப்பகலில், உன் மனைவியின் தம்பி நளீமும் இன்னும் இரண்டு ஆண்களும் என் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். அனுப்பியது நீ. "உம்மாட வீட்டுக்குள்ள ஒரு ஆம்பளக் குரல் கேக்குது, ஓடிப் போய்ப் பாருங்க" என்று அங்கிருந்து சொன்னதும் நீ. அந்தக் குரல் யாருடையது என்று நீயும் கேட்டாய், ஊரும் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இத்தா முடியட்டும் என்றிருந்தேன். முடிந்துவிட்டது. இனிச் சொல்கிறேன், ஆனால் என் வேகத்தில்தான் சொல்வேன்.

உனக்குப் போன் என்பது கையோடு பிறந்த ஒரு விரல். நான் அது வளர்ந்த கதையைக் கூடவே இருந்து பார்த்தவள். மன்னாரில் எங்கள் தெருவுக்கு முதலில் போன் வந்தது ஒரு சம்மாட்டியின் வீட்டுக்கு. வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிற முதலாளி அவர். கறுப்புப் போன், கருங்கல் போலக் கனம். அதற்கு மேலே பூத்தையல் போட்ட ஒரு துணி. இலக்கங்களைச் சுழற்றுகிற வட்டத்தில் ஒரு குட்டிப் பூட்டு. சாவி அவருடைய மனைவியின் இடுப்பில். கொழும்புக்குக் கதைக்க வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லிவைத்துவிட்டு, அவர்கள் லைன் எடுத்துத் தரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். ட்ரங் கோல் என்பார்கள். உம்மாவின் தங்கையான என் சாச்சியின் கணவர் கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாச்சிக்கு அப்படி ஒரு கோல் கிடைத்தது. தெருவே திரண்டு போய் அந்த வீட்டுக்குள் நின்றது. சம்மாட்டி பொல்லாத கோபக்காரர். எழும்பி எல்லோரையும் வெளியே விரட்டினார். "அவ அவட மாப்பிள்ளையோட கதைக்கிறா. உங்களுக்கு இங்க என்ன வேல?" என்று கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு வெளியே நின்றார். கொழும்பு தூரம் என்பதால் சத்தமாகக் கதைக்க வேண்டும் என்று நினைத்துச் சாச்சி போட்ட கூப்பாட்டில் தெருவுக்கு எல்லாமே கேட்டது, அது வேறு விஷயம். ஆனாலும் அந்த மனுசன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாரே, அதைத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறில் இயக்கக்காரர்கள் வடக்கு முஸ்லிம்கள் எங்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது எந்தப் போனும் இருக்கவில்லை. யுத்தத்தில் லைன்கள் எப்போதோ அறுந்திருந்தன. நீ கைக்குழந்தை. உன்னைத் துணியில் சுற்றி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினோம். என் மூத்த சகோதரி, ராத்தாவின் குடும்பம் வேறு வள்ளத்தில். அவர்கள் கரைசேர்ந்தார்களா, கடலோடு போய்விட்டார்களா என்று கேட்க ஆள் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்து சேர்ந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். ராத்தாவின் பெயரைக் கேட்டதும் நான் சுடுமணலில் விழுந்து அழுதேன். ஒரு மனுசரின் சத்தம் காதுக்கு வந்து சேர்வதன் பெறுமதி எனக்குத் தெரியும் மகன். ஆகவே, உம்மா பழைய காலத்து ஆள், நவீனம் பிடிக்காது என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லித் திரியாதே. போனைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க உனக்கு வயது போதாது.

கற்பிட்டியில் எங்களை வைத்திருந்த அகதி முகாமில் இருந்துதான் உன் வாப்பா சவூதிக்கு லொறி ஓட்டப் போனார். நான் முகாமுக்குள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து போன் எடுக்க அவருக்கும் வழி இல்லை, இங்கே எடுத்துக் கேட்க எனக்கும் போன் இல்லை. அப்போது அவர் கசெட்டில் கதைத்து அனுப்புவார். லீவில் வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். கசெட் வந்திருக்கிறது என்றால் அந்த வரிசைக் குடிசைகளின் பெண்கள் முழுக்க எங்கள் தென்னோலைக் கிடுகுச் சுவருக்குள் வந்துவிடுவார்கள். அவர்களுடைய மாப்பிள்ளைமாரின் செய்தியும் அதில் இருக்கும். உன் வாப்பா ஸலாம் சொல்லுவார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பதில் சொல்வோம். பதிலுக்கு இடம் விட்டுக் கதைப்பது அவர் பழக்கம். ராத்தா பகிடி பண்ணுவா: "கசெட்டுக்குப் பதில் ஸலாம் சொல்லலாமா எண்டு ஆருக்கிட்டயாச்சும் கேட்டியளாடி?" பிறகு அவர் எல்லோருடைய செய்தியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, "இனி ஒண்டுமில்ல, நிப்பாட்டுங்க" என்பார். எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் நான் நிறுத்த மறந்து அடுப்பை மூட்டப் போய்விட்டேன். நாடா சும்மா இரைந்துகொண்டு ஓடியது. சோறு கொதிக்கிற அளவு நேரம் கழித்து, ரேடியோவுக்குள் இருந்து என் பெயரைச் சொல்லி யாரோ மெதுவாக ஸலாம் சொன்னார். உன் வாப்பா. எல்லோரும் போயிருப்பார்கள் என்று கணக்கு வைத்து, எனக்கு மட்டும் சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த எல்லாக் கசெட்டிலும் அப்படித்தான். அந்தக் குடிசையில் எனக்கென்று ஒரு மூலை இருக்கவில்லை மகன். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் நீட்டுவார்கள். உன் வாப்பா அந்த நாடாவுக்குள் எனக்கு ஒரு அறை கட்டித் தந்திருந்தார். அதற்குள் என்ன சொன்னார் என்று உனக்கும் சொல்ல மாட்டேன், பத்திரிகைக்கும் சொல்ல மாட்டேன்.

பிறகு கற்பிட்டி வீதியில் கொமியூனிகேஷன் கடைகள் வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் போய் நின்று வெளிநாட்டுக்குக் கதைக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் உன் வாப்பா எடுப்பார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை அப்பி வைத்துக்கொண்டு நிற்பாய். பொம்பிளைகள் உள்ளே போனால் கடைக்காரர் ரேடியோவைக் கூட்டி வைப்பார். எங்களுக்குச் சினிமாப் பாட்டுப் போடுகிறாரா என்று நான் முதலில் கோபப்பட்டேன். தனக்கு எங்கள் கதை கேட்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார் என்று பிறகு விளங்கியது. அதற்கும் பிறகு செல்போன். எத்தாளையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே காதைப் பொத்திக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். விடியற்காலை சுபுஹுக்கு ஒரு மிஸ் கோல் வந்தால் வாப்பா எழும்பிவிட்டார், சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. மணி அடிக்கும், நிற்கும், நான் ஒரு மிஸ் கோல் திருப்பி அடிப்பேன். ஒரு சொல்லும் இல்லாத அந்தக் கதையில் இருந்த நிறைவு, இப்போது நம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் வந்து விழுகிற ரோஜாப்பூப் படங்கள் எதிலும் இல்லை.

வாப்பா வேலையை விட்டு வந்து சேர்ந்தார், நீ போனாய். உன் கோல்கள் முகத்தோடு வந்தன. நல்லதுதான், பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறதை எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? ஆனால் அந்தக் கோல்களில் உன் வாப்பாவுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? "எப்பிடி வாப்பா?" என்பாய். "அல்ஹம்துலில்லாஹ், இரிக்கன்" என்பார். அவர் நிதானமான மனுசர், அடுத்த சொல்லை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்குள், "சரி வாப்பா, உம்மாக்கிட்டக் குடுங்க" என்று விடுவாய். அவர் கையை ஆட்டிவிட்டுப் போனை என்னிடம் நீட்டுவார். உனக்குச் சொல்ல விட்டுப்போனதைக் குரல் பதிவாக அனுப்புவார். அந்தக் காலத்து கசெட் ரேடியோவைப் பிடிப்பது போலவே போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, ஸலாம் சொல்லி, நீ பதில் சொல்லப் பொறுத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார். அதையும் நீ இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்டிருப்பாய். அவர் விட்ட இடம் உன் காதில் விழுந்திருக்காது.

மௌத்துக்கு உன்னால் வந்து சேர முடியவில்லை. அதில் எனக்கு ஒரு சொல் குறையும் இல்லை. விமானம் உன் கையில் இல்லை. கபுரில் அடக்கிய பிறகு வந்தாய், அழுதாய், போகிற அன்று அந்தக் கமராவைக் கொண்டுவந்து மண்டபத்து மூலையில் அலுமாரிக்கு மேலே பொருத்தினாய். வெள்ளை நிறம், தலையைத் திருப்பிப் பார்க்கும். "பாதுகாப்புக்குத்தான் உம்மா. நீங்க இங்க இருக்க, நான் அங்க எப்பிடி நிம்மதியா நித்திர கொள்றது?" என்றாய். உன் கண் கலங்கியிருந்ததால் நான் ஓம், சரி என்றேன். அது பார்க்கும் என்றுதான் சொன்னாய். கதைக்கும் என்று சொல்லவில்லை. நீ போய்ச் சேர்ந்த கையோடு அது, "உம்மா, மருந்து குடிச்சீங்களா?" என்று மூலையில் இருந்து கேட்டது. எனக்குத் துணையாக வந்திருந்த ராத்தாவின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. ஷைத்தானை விரட்டுகிற ஓதலை எல்லாம் ஓதி முடித்துவிட்டுத்தான் அவ கண்ணைத் திறந்தா.

அதற்குப் பிறகு என் வீட்டில் எனக்கு ஒரு மேலதிகாரி. "ஏன் உம்மா இன்னும் சாப்பிடல்ல?" "ஆரு அந்தப் பச்சச் சீலக்காரி?" "பெரியம்மாவ அந்தக் கதிரையில இருக்க வேணாம் எண்டு சொல்லுங்க, கால் ஆடுது." தொழுகையில் நின்றால் பின்னாலே அந்தத் தலை திரும்புகிற சத்தம் கேட்கும். நினைத்துக்கொண்டால் இரண்டு சொட்டு அழுவேன். உடனே மூலையில் இருந்து, "அழாதீங்க உம்மா!" நான் ஏன் அழக் கூடாது? என் மாப்பிள்ளை மௌத்தாகியிருக்கிறார், என் வீடு, என் கண். அழுகிற நேரத்தைக்கூட ஒரு சாமானிடம் கேட்டு வாங்க வேண்டுமா? உன் அக்கறையை நான் மறுக்கவில்லை. அக்கறையோடு ஒருவர் வாசலுக்கு வந்தால் ஸலாம் சொல்வார். மூன்று தடவை சொல்வார். பதில் இல்லாவிட்டால் திரும்பிப் போவார். நான் உனக்கு ஓத வைக்கும்போதே சொல்லித் தந்த ஒழுங்கு இது. போனின் மணிகூட ஒரு ஸலாம்தான். அடிக்கும், நாம் விரும்பினால் எடுப்போம். உன் கமராவுக்கு மணி இல்லை, ஸலாம் இல்லை, வாசலும் இல்லை. நேரே என் கூந்தலுக்குள் வந்து நிற்கிறது.

அன்று மதியம் ளுஹர் தொழுதுவிட்டு ராத்தா கறி எடுத்துவர மகள் வீட்டுக்குப் போயிருந்தா. நான் குளித்துவிட்டு வந்தேன். தலை ஈரம். வீட்டில் யாரும் இல்லை. எனக்கு உன் வாப்பாவின் சத்தத்தைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் எனக்கு மட்டும் என்று வைத்துப் போனதை உன் கமராவுக்கு முன்னால் கேட்க எனக்கு விருப்பமில்லை. கதிரையில் ஏறி ஈரத் துவாயை அதன் தலையில் போட்டேன். அலுமாரியில் இருந்து கசெட்டை எடுத்துப் போட்டேன். ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். எல்லோருக்குமான செய்திகள் முடிந்தன. "இனி ஒண்டுமில்ல, நிப்பாட்டுங்க" என்றார். நான் நிறுத்தவில்லை. நாடா இரைந்து இரைந்து ஓடி, அவர் என் பெயரைச் சொல்லிக் கதைக்கத் தொடங்கினார். அந்தச் சின்னச் சிரிப்போடு சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். அந்தத் துவாய்க்குப் பார்வையை மறைக்கத்தான் தெரியும், சத்தத்தை மறைக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. கதவை யாரோ தோளால் மோதினார்கள். பொத்தானை அமுக்கினேன். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

மூன்று ஆண்கள். தலை மூடவும் நேரம் இல்லாமல் தொழுகைப் பாயை இழுத்து மேலே போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். அலுமாரியைத் திறந்து உன் வாப்பாவின் சட்டைகளை விலக்கிப் பார்த்தார்கள். அப்போது அந்த ஈரத் துவாய்க்குள் இருந்து உன் சத்தம் வந்தது: "நளீம், பின்னால கக்கூசையும் பாருங்க." மகனே, அதை நான் என் காதால் கேட்டேன். என் வயிற்றில் பிறந்தவன், என் கணவன் இறந்த வீட்டில், கக்கூசுக்குள் ஒரு ஆணைத் தேடச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் ஒரு பாய்க்குப் பின்னால் நின்றேன். நளீம், "மாமி, என்ட போன்லயும் பாத்தன், எல்லாம் இருட்டா இருந்திச்சு, அதான்..." என்றான். அவனுடைய போனிலும்! அப்போதுதான் தெரிந்தது, ஏதோ கோளாறு திருத்த என்று நீ அவனுக்கும் அந்தக் கமராவின் திறப்பான கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறாய். நான் யார் கண்ணிலும் படாமல் அறைக்குள் இருக்கிறேன் என்று நினைத்த அத்தனை நாளும், ஓர் அந்நிய இளைஞனின் சட்டைப் பைக்குள் இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து கதை எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். ஒருத்தி துஆக் கேட்கிற சாட்டில் வந்து வீட்டை மோப்பம் பிடித்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி ராத்தாவிடம், "இத்தா முறிஞ்சிட்டா?" என்று கேட்டு, ராத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நளீம் நல்ல பிள்ளை, அதை எழுதாமல் விடக் கூடாது. அடுத்த கிழமை வந்து வேலிக்கு வெளியே நின்று மூன்று தரம் ஸலாம் சொன்னான். நான் மனதுக்குள் பதில் சொன்னேன், வாய் திறக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனான். அவனுக்கு ஒழுங்கு விளங்கிவிட்டது. தன் போனில் இருந்ததை அழித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினான். நம்புகிறேன். கண்ணில் இருப்பதை எப்படி அழிப்பான் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நீ என்ன செய்தாய்? "பயந்துட்டன் உம்மா. கள்ளன் எண்டு நினைச்சிட்டன். ஆரு உம்மா அது, டீவியா?" என்று குரல் பதிவு அனுப்பினாய். கள்ளன் என்று நினைத்தால் கள்ளன் என்றுதான் சொல்லியிருப்பாய். "ஆம்பளக் குரல்" என்று சொன்னாய். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் விபரம் கெட்டவள் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்ல முன்னர் ஒரு மூச்சு எடுத்திருந்தால், ஒரே ஒரு மூச்சுப் பொறுத்துக் கேட்டிருந்தால், உனக்கே தெரிந்திருக்கும். ஆம்பளக் குரல்தான். நீ பிறந்தபோது உன் காதில் பாங்கு சொன்ன குரல். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கடலில் இறங்கி வள்ளத்துக்கு நடந்த மனுசனின் குரல். அது உனக்கு யாரோ ஒருவனின் குரலாகக் கேட்டது. ஏன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நீ உன் வாப்பாவை எப்போதும் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டவன். அவர் அவருடைய வேகத்தில் கதைத்தபோது உனக்கு ஆளைத் தெரியவில்லை. இதைவிட எனக்குக் கோபம் வருகிற வேறு ஒன்றும் இந்த உலகத்தில் இல்லை. கதவை உடைத்ததைக்கூட மன்னிக்கலாம்.

போனைக் கண்டுபிடித்தவர் அதில் முதன்முதலில் சொன்னது என்ன என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற காலத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். பக்கத்து அறையில் இருந்த உதவியாளரை, இங்கே வா, உன்னைப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டாராம். போன் பிறந்ததே ஒரு ஆளை வரச் சொல்லத்தான். உன் கைக்கு வந்த பிறகு அது வராமல் இருப்பதற்கு ஒரு சாட்டு ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்கிறாய். பார்த்துக்கொண்டிருந்தாய் மகன், கேட்கத்தான் இல்லை.

ஆகவே நான் முடிவெடுத்துவிட்டேன். கமராவைக் கழற்றிவிட்டேன். ராத்தாவின் மருமகன் வருகிற கிழமை கட்டாருக்கு வருகிறான். முன்பு கசெட் வந்தது போலக் கைமாறி உன்னிடம் வரும். உன் அறையில் எங்கே வேண்டுமோ பொருத்திக்கொள். "அப்ப உம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடுறன்" என்று போனில் உன் மனைவியிடம் சொன்னாயாம். ஒரு முறை வீடு விட்டு வீடு வந்தவள் நான். இனி என்னை யாரும் எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாது. நான் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று கேட்பாய். ராத்தா பார்ப்பா, பக்கத்து வீடு பார்க்கும். அப்படியும் யாரும் பார்க்காமல் போனால் அது என் நஸீப், எனக்கு எழுதிய விதி. நீ மூலையில் இருந்து கத்தி என்னைத் தூக்கிவிட முடியாது.

போனை அலுமாரியில் இருந்து எடுத்துவைக்கிறேன். முகம் இல்லாமல் எடு. மணி அடிக்கும். நான் கை கழுவ வேண்டும், தலையை மூட வேண்டும், உன் வாப்பாவின் கதிரையை இழுத்துப் போட்டு இருக்க வேண்டும். பிறகுதான் எடுப்பேன். சில நாள் எடுக்காமலும் விடுவேன். அப்போது நளீமைக் கூப்பிடாதே.

கடைசியாக ஒன்று. அந்தக் கசெட்டின் நடுவில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உன் வாப்பா, "மகன், வாப்பாட சத்தம் மறந்துட்டா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பொறுப்பார். நீ அந்த வயதில் ஓடிப்போய் ரேடியோவில் வாயை ஒட்டிவைத்து, "இல்ல வாப்பா!" என்று முகாம் அதிரக் கத்துவாய். பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். நாடாவில் அந்த இடம் அப்படியே இருக்கிறது. இத்தாவில் நான் போட்டுக் கேட்டபோதெல்லாம் அவர் கேட்டார், பொறுத்தார், யாரும் பதில் சொல்லவில்லை. அதைப் போனில் உனக்குப் போட்டுக் காட்ட மாட்டேன், பிரதி எடுத்தும் அனுப்ப மாட்டேன். வா. வாசலில் நின்று ஸலாம் சொல். நான் பதில் சொன்னால் உள்ளே வந்து இரு. கசெட்டைப் போடுகிறேன். உன் வாப்பா கேட்பார். என்ன பதில் சொல்வாய் என்று வழியில் யோசித்துக்கொண்டு வா.

உம்மா.